புதன்கிழமைக்கு ஒரு கவுன்

"இதைப் போட்டுக்கிட்டு எங்க அம்மா எங்கெல்லாம் போயிருப்பாங்க, சொல்லு?"

எங்கள் ஜெராக்ஸ் கடை மேசைமேல் ஒரு பழைய புகைப்படத்தை வைத்துவிட்டு காலர் அக்கா இப்படிக் கேட்டார். கேட்டுக்கொண்டே அவருடைய கை தன்பாட்டில் நீண்டு, மடங்கிக் கிடந்த என் சட்டைக் காலரை நிமிர்த்தி விட்டது. தபால்காரர், தண்ணீர் கேன் போடுகிறவர், வழி கேட்க வந்தவர் என்று யார் எதிரே நின்றாலும் அவருடைய கை முதலில் போவது கழுத்துக்குத்தான். காலரைச் சரிசெய்த பிறகுதான் முகத்தையே பார்ப்பார். அதனால்தான் தெருவில் எல்லாருக்கும் அவர் காலர் அக்கா.

எங்கள் கடைக்கும் அவருடைய துணிக்கடைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அவர் கடையில் ஆள் உயரக் கண்ணாடி ஒன்று இருக்கிறது. ஆனால் அது எந்நேரமும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கும். முதல்முறை வருகிறவர்கள் கழுத்தை வளைத்துத் தேடுவார்கள். "இருக்கு, இருக்கு, அது கடைசியில" என்பார் அக்கா. வாயில் எப்போதும் நாலைந்து குண்டூசிகளைக் கவ்விக்கொண்டிருப்பதால், பல்வலிக்காரர் பேசுவதுபோல உதட்டைத் திறக்காமலே பேசுவார்.

ஒருநாள் வங்கியில் பணம் எண்ணும் பெண் ஒருவர் வந்தார்.

"எதுக்குங்க வேணும்?"

"ஒரு பார்ட்டி இருக்கு, அதுக்குத்தான்."

"பார்ட்டின்னா எதிர்த்தாப்புல ரெண்டு கடை இருக்கு. எல்லாம் ஜிகுஜிகுன்னு இருக்கும். அங்க போய்ப் பாருங்க. இங்க புதன்கிழமைக்குத்தான் துணி."

"புதன்கிழமைக்கா?"

"ஆமா. பாதி வாரம் போயிருக்கும், பாதி வாரம் மிச்சமிருக்கும். அன்னிக்கு நம்மள யாரும் கூப்பிடவும் மாட்டாங்க, திரும்பிப் பார்க்கவும் மாட்டாங்க. அன்னிக்குப் போட என்ன வெச்சிருக்கீங்க?"

அந்தப் பெண் யோசித்தார். பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் யோசிப்பார்கள். பீரோவில் விசேஷத்துக்கு என்று பொத்திவைத்த துணி இருக்கும்; வீட்டில் போட்டுக் கசக்கிய துணி இருக்கும்; நடுவில் ஒன்றும் இருக்காது. அந்த நடுவில்தான் அக்காவின் கடை நடக்கிறது.

பழைய துணிகளை மூட்டையாக வாங்கி, துவைத்து, கிழிசல் தைத்து, அளவு மாற்றி வைத்திருப்பார். கூடவே பழைய பாணியில் புதிதாகத் தைத்தவையும் தொங்கும். ஆனால் எதையும் தனியாகக் கொடுக்கமாட்டார். "ஒண்ணு பழசு, ஒண்ணு புதுசு, ஒண்ணு உங்களோடது. மூணும் சேர்ந்தாதான் உடுப்பு" என்பார். வங்கிப் பெண்ணுக்கு, முத்துப் பொத்தான் வைத்த பழைய சந்தன நிற ஸ்வெட்டரை முன்பின்னாகத் திருப்பி மாட்டி, பொத்தான் வரிசை முதுகில் இறங்கும்படி செய்தார். இடுப்புக்குப் புதிதாய்த் தைத்த கருநீல மடிப்புப் பாவாடை. பிறகு வாசலில் அவர் கழற்றி விட்டிருந்த கான்வாஸ் ஷூவைத் தானே எடுத்து வந்து காலடியில் வைத்தார்.

"ஐயோ, இந்த ஷூவா? தேஞ்சு போச்சுங்க."

"தேஞ்சதுதான் உங்களைத் தெரிஞ்ச ஷூ. போடுங்க."

போட்ட பிறகும் கண்ணாடி கிடையாது. குட்டை ஸ்டூலில் உட்காரச் சொன்னார். கீழே ஒரு பொத்தானைப் போட்டு, குனிந்து எடுக்கச் சொன்னார். மேல்தட்டுப் பெட்டியை எட்டிப் பிடிக்கச் சொன்னார். கடைசியாக, "பஸ் கிளம்பிடுச்சு, ஓடுங்க!" என்று கையைத் தட்டினார். அந்தப் பெண் கடைக்குள்ளேயே வாசலிலிருந்து தையல் மெஷின் வரைக்கும் ஓடி, மெஷினைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே அக்கா சட்டென்று கண்ணாடியைத் திருப்பினார். எல்லாருக்கும் அப்படித்தான் செய்வார். ஓடிக் களைத்துச் சிரிக்கும் தங்களையே அவர்கள் முதலில் பார்ப்பார்கள்.

இவ்வளவு செய்கிறவர் தனக்கென்று எதுவும் செய்துகொண்டதில்லை. தொளதொள என்ற பழுப்பு நிற ஆண் சட்டை, கழுத்தில் மாலை மாதிரி அளவு டேப். "உங்களுக்கு ஏன்க்கா ஒண்ணும் எடுத்துக்க மாட்டேங்கறீங்க?" என்று கேட்டால், "நான் ஹேங்கர்டி. ஹேங்கருக்கு யாராவது துணி எடுப்பாங்களா?" என்பார்.

எனக்கும் அவர் ஒன்றைத் தர மறுத்திருக்கிறார். பச்சைக் கட்டம் போட்ட ஒரு பாவாடைமேல் எனக்கு ஆசை. "எங்க போட்டுக்கிட்டுப் போவ?" என்று கேட்டார். எனக்குப் பள்ளிக்கூடம் முடிந்திருந்தது. அடுத்து என்ன என்று வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்; எதிலும் மனசு ஒட்டவில்லை. அம்மாவின் கடையில் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டு, நாளெல்லாம் வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "சும்மாதான்க்கா" என்றேன்.

"சும்மாங்கறது ஒரு இடமே இல்ல. இடம் கிடைச்சதும் வா." பாவாடையை வேறு யாருக்கும் விற்றுவிடாமல் இருக்க அதில் ஓர் ஊக்கைக் குத்தித் திரும்ப மாட்டிவிட்டார்.

இனி அந்தப் புகைப்படத்துக்கு வருகிறேன்.

அது கறுப்பு வெள்ளைப் படம். பூச்சாடிக்குப் பக்கத்தில் இளம்பெண் ஒருவர் நிற்கிறார். புள்ளி போட்ட கவுன், உப்பிய குட்டைக் கை, வெள்ளை வட்டக் காலர், கழுத்தோரம் பட்டாம்பூச்சி வடிவில் துணியில் கட்டிய ஒரு சின்ன 'போ' முடிச்சு. இடுப்பு சிக்கென்று ஒட்டி நிற்கிறது. வலது கை முதுகுக்குப் பின்னால் போயிருக்கிறது. யாரோ கூப்பிட்டு அரைவாசி திரும்பியதுபோல முகம்.

அவர்தான் அக்காவின் அம்மா. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் போர்வைகளும் விரிப்புகளும் வெளுத்தவர். அக்கா சின்னப் பெண்ணாக இருக்கும்போதே இறந்துவிட்டார். "ஸ்கூல் விட்டு வந்து பார்க்கறேன், உறவுக்காரங்க எல்லாத் துணியையும் எடுத்துக் குடுத்துட்டாங்க. கதவுக்குப் பின்னாடி அவங்க துணி மாட்டுற கொக்கி மட்டும் ஆடிக்கிட்டு இருந்துச்சு" என்று ஒருமுறை சொன்னார். அதைச் சொன்னபோது வாயில் குண்டூசி இல்லை. அதனால் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பல வருஷம் கழித்து இந்தப் படம் சித்தி வீட்டில் கிடைத்தது. அக்காவுக்குத் தெரிந்த அம்மா, சாம்பல் நிற மேலங்கியும் வெந்த விரல்களுமாக இருப்பவர். படத்தில் இருப்பவரோ அழகான கவுன் போட்டவர். அந்தக் கவுன் ஏன் வீட்டில் மிஞ்சவில்லை? அதற்கு அக்காவே ஒரு பதில் கண்டுபிடித்து வைத்திருந்தார். "பொத்திப் பொத்தி வெச்சிருந்தா மிஞ்சியிருக்கும். அவங்க மார்க்கெட்டுக்குப் போட்டிருக்காங்க, பார்க்குக்குப் போட்டிருக்காங்க, தேயத் தேயப் போட்டிருக்காங்க. அதான் இல்ல." நல்ல துணியை அன்றாடம் உடுத்தவேண்டும் என்ற அவருடைய பிடிவாதம், புதன்கிழமைப் பேச்சு, பஸ்ஸுக்கு ஓடச்சொல்வது எல்லாமே அந்தப் பதிலிலிருந்து வந்தவைதான். படத்தைப் பார்த்து அவர் தைக்கவைக்கும் கவுனுக்கு 'அம்மா கவுன்' என்று பெயர். கடையில் அதிகம் போவதும் அதுதான். வாங்குகிறவர்களுக்குக் கண்ணாடி முன்னால் நிற்கவும் சொல்லிக்கொடுப்பார்: "ஒரு கையைப் பின்னாடி கட்டுங்க. ஆங், அதான் எங்க அம்மா ஸ்டைல்."

ஒரே ஒரு தொல்லைதான். அந்த இடுப்பு வரவே வராது.

கடையின் பின்பக்கம் மெஷினோடு உட்கார்ந்திருக்கும் டெய்லர் மாமா ஒவ்வொரு கவுனுக்கும் ஒருமுறை சண்டை பிடிப்பார். "ஏம்மா, தையல் கண்ணுக்கே தெரியாம இடுப்பு இப்படி ஒட்டுமா? முன்னாடி மடிப்பு இல்ல, பக்கத்துல பிடிப்பு இல்ல. இது துணியில வராது, மந்திரத்துலதான் வரும்."

"படத்துல வந்திருக்கே மாமா."

"அப்ப படத்தைத் தைச்சவனையே கூப்பிடு."

இப்போது அக்காவுக்கு ஓர் ஆசை. அம்மா படத்தைக் கதவளவுக்குப் பெரிதாக்கி, தெருவில் போகிறவர்கள் எல்லாரும் பார்க்கும்படி கடை முகப்பில் வைக்கவேண்டும். கீழே, 'என் அம்மா அன்றாடம் உடுத்திய கவுன்' என்று எழுதவேண்டும். அதற்காகத்தான் படத்தை எங்களிடம் கொண்டுவந்தார். என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதும் அப்போதுதான்.

மறுநாள் படத்தை ஸ்கேன் செய்து கணினியில் பெரிதாக்கினேன். முழங்கைக்குக் கீழே, இடுப்போரத்தில், ஏதோ ஒன்று துருத்திக்கொண்டு தெரிந்தது. அழுக்கு என்று நினைத்தேன். இன்னும் பெரிதாக்கினேன். மரத்தாலான இரண்டு சின்னக் கால்கள்.

"அம்மா, இங்க வாயேன். இது என்ன?"

அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "துணி காயப்போடுற கிளிப்புடி" என்றார். பிறகு திரை முழுவதையும் பார்த்தார். "அட! ஸ்டுடியோ கவுன்!" என்று வாய்விட்டுச் சிரித்தார்.

பரணிலிருந்து ஆல்பத்தை இறக்கினார். பெரியம்மாவின் இளவயதுப் படம். அதே புள்ளி, அதே வட்டக் காலர், அதே பூச்சாடி.

"அந்த ஸ்டுடியோக்காரர்கிட்ட இருந்தது ஒரே கவுன்தான். போட்டோ பிடிக்க வர்ற பொண்ணுங்க எல்லாருக்கும் அதையே மாட்டிவிடுவார். தொளதொளன்னு இருந்தா பின்னாடி கிளிப் போட்டு இழுத்துடுவார். உங்க பெரியம்மா போனப்ப நான் சின்னப் பொண்ணு, பக்கத்துல நின்னு பார்த்தேனே! எனக்கும் போட்டுவிடுங்கன்னு அழுது அடி வாங்குனேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "காலருக்கு இது தெரியாதா?"

"தெரியாதும்மா. தன்னோட அம்மா கவுன்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க. அதை வெச்சுத்தான் கடையே நடக்குது."

அம்மா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "சொல்லாதே. யாருக்கு என்ன நஷ்டம்?"

"முகப்புல பெருசா வைக்கப் போறாங்கம்மா. உன் வயசுல யாரு போனாலும் 'ஸ்டுடியோ கவுன்'னு சிரிச்சிடுவாங்க. நீயே சிரிச்சியே."

அம்மா மறுபடி திரைக்குக் கிட்டே குனிந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தக் கிளிப்பை மட்டும் கம்ப்யூட்டர்லயே அழிச்சிட முடியாதா?" என்றார்.

"எதை அழிக்கணும்?" என்று கேட்டுக்கொண்டே காலர் அக்கா உள்ளே வந்தார்.

திரையை மறைக்க எனக்கு நேரமில்லை. மறைத்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. கிட்டே வந்து பார்த்தார். உதட்டிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டார். நான் அழுகையை எதிர்பார்த்தேன்.

"அதான் இடுப்பு வரல" என்றார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி உரக்கச் சொன்னார்: "மாமா! உங்க மேல தப்பில்ல! பின்னாடி கிளிப்பு!"

"என்னது?" என்று சுவருக்கு அந்தப்பக்கமிருந்து குரல் வந்தது.

அதன்பிறகுதான் மேசைமேல் கிடந்த பெரியம்மாவின் படம் அவர் கண்ணில் பட்டது. கையில் எடுத்தார். இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மா மெதுவாக எல்லாவற்றையும் சொன்னார்.

"அப்ப இது அவங்க கவுன் இல்லையாக்கா?"

"இல்லம்மா."

"போட்டோ பிடிச்சதும் கழட்டிக் குடுத்துடணுமா?"

"அடுத்த பொண்ணு நிப்பாளே."

"கை ஏன் பின்னாடி போயிருக்கு?"

அம்மா தயங்கினார். "சில பொண்ணுங்க ரொம்ப ஒல்லியா இருப்பாங்க. கிளிப்பு பத்தாது. மிச்சத் துணியைக் கையால சுருட்டிப் பிடிச்சுக்கணும்."

அக்கா கொஞ்சநேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவ்வளவு ஒல்லியாவா இருந்தாங்க?" என்று கேட்டுவிட்டு, தன் அம்மா படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த சில நாட்கள் அவர் கடை திறந்துதான் இருந்தது. ஆனால் கண்ணாடி, மற்ற கடைகளில் இருப்பதுபோல, வருகிறவர்களைப் பார்த்து நின்றது. அம்மா கவுன்களைக் காணோம். எதிரே வருகிறவர்களின் காலர் மடங்கிக் கிடந்தது. அவர் கை நீளவில்லை. டெய்லர் மாமா டீ குடிக்கிற சாக்கில் எங்கள் கடைக்கு வந்து, என்னைத் தனியே கூப்பிட்டார்.

"நேத்து ஒருத்தி வந்து பார்ட்டிக்கு ஏதாச்சும் குடுங்கன்னா. இவ 'எடுத்துக்கோங்க'ன்னு குடுத்துட்டா. எங்க போவீங்கன்னு கேக்கல, ஓடச் சொல்லல. எனக்கு பயமா இருக்கும்மா. அவ என்னோட சண்டை போட்டே மூணு நாளாச்சு."

அவருக்கு நடந்தது எதுவும் சரியாகத் தெரியவில்லை. நான் பெரியம்மாவின் படத்தைக் காட்டி விளக்கினேன். மாமா அதை வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நெற்றியைச் சொறிந்தார்.

"இந்தக் கவுன் எங்க வீட்டுச் சுவத்துல தொங்குதே!"

"என்ன சொல்றீங்க?"

"என் வீட்டுக்காரி படம்மா. கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்தது. தினமும் அதுக்குக் கீழதான் உட்கார்ந்து சாப்பிடறேன்."

"இத்தனை வருஷம் அதே கவுனைத் தைச்சீங்களே, தெரியலையா?"

"அவ முகத்தைத்தானே பார்ப்பேன். இடுப்பை எவன் பார்த்தான்?" என்று சொல்லிவிட்டு அவரே வெட்கப்பட்டுக் கொண்டார்.

மறுநாள் அவர் படத்தை மட்டும் கொண்டுவரவில்லை. படத்தில் இருந்தவரையும் கூட்டி வந்தார். அத்தை வாட்டசாட்டமானவர். நாங்கள் பேசி முடிப்பதற்குள் துணிக்கடைக்குள் நுழைந்துவிட்டார். நான் மூன்று படங்களையும் ஒரே பெரிய தாளில் வரிசையாக அச்சடித்து எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். எதற்காகச் செய்கிறேன் என்று எனக்குத் தெளிவாகத் தெரியாது. மூன்று பேரும் சேர்ந்து நின்றால் அக்காவின் அம்மா தனியாக இருக்கமாட்டார் என்று மட்டும் தோன்றியது.

"ஏம்மா காலரு, இதுக்கா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கே?" என்றார் அத்தை. "எனக்கு அந்தக் கவுன் பத்தவே இல்ல தெரியுமா? பின்னாடி ரெண்டு பக்கத்தையும் கிளிப்பால இழுத்துக் கட்டுனார் அந்த மனுஷன். மூச்சு விட்டா கிளிப்பு தெறிச்சு லைட்டை உடைச்சிடும்னு பயம். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அதான் கண்ணு அப்படி உருண்டையா இருக்கு. இவர் என்னமோ அந்தக் கண்ணைப் பார்த்துத்தான் மயங்குனேங்கறார்."

"இப்ப எதுக்குடி அதெல்லாம்?" என்றார் மாமா மெஷினுக்குப் பின்னாலிருந்து.

அக்காவின் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. நான் தாளை வெட்டுமேசைமேல் விரித்தேன். முதலில் ஏனோதானோ என்றுதான் பார்த்தார். பிறகு அவருடைய விரல் தாளின்மேல் நகர ஆரம்பித்தது.

"அத்தை, நீங்க கையை ஒரு மடிப்பு மேல ஏத்தி விட்டிருக்கீங்க."

"பின்னே? என் கைக்கு அது இறுக்கும்ல."

"உங்க பெரியம்மா இடுப்புல ரிப்பன் கட்டியிருக்காங்க, பார்த்தியா? முடிச்சு பக்கவாட்டுல." இதை என்னிடம் சொன்னார். "ஒரே கவுன். ஆனா மூணு பேரும் மூணு மாதிரி இருக்காங்க."

"கவுன்தான் ஸ்டுடியோக்காரரோடது. மத்ததெல்லாம் நாங்க கொண்டுபோனது" என்றார் அத்தை.

அக்காவின் விரல் தன் அம்மாவின் கழுத்தில் நின்றது. "உங்க ரெண்டு பேர் காலர்லயும் 'போ' இல்லையே?"

"போவா? அந்தக் கவுனுக்கு ஏது போ? மொட்டைக் காலர்."

அக்கா என்னைப் பார்த்தார். நான் எங்கள் கடைக்கு ஓடினேன். அவரும் பின்னாலேயே வந்தார். கழுத்துப் பகுதியை மட்டும் திரையில் பெரிதாக்கினேன். இத்தனை நாளும் கவுனோடு சேர்த்துத் தைத்தது என்று நாங்கள் நினைத்த 'போ', ஒரு கட்டம்போட்ட சதுரத் துணி. ஓரத்தில் இரட்டைக் கோடு. தொங்கும் நுனியில் நூலால் குத்திய ஒரு சின்ன அடையாளம். ஆஸ்பத்திரித் துணியில் இருக்குமே, வேறு துணியோடு கலந்துவிடாமல் இருக்க, அதுபோல.

"இது தலையில கட்டுற துணி" என்றார் அக்கா. குரல் சின்னப் பிள்ளைக் குரலாக இருந்தது. "சலவைக்கூடத்துல முடி விழக்கூடாதுன்னு எல்லாரும் கட்டணும். வீட்டுக்கு வந்ததும் அவிழ்த்து, அதாலதான் எனக்கு மூக்கைத் துடைச்சு விடுவாங்க. சோப்பு வாசனை வரும்."

வேலை முடிந்து நேரே போயிருக்கவேண்டும். யாருடைய கவுனையோ மாட்டி, கிளிப் போட்டு, மிச்சத் துணியை ஒரு கையால் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, இருக்கிற ஒரு கையால் தலைத்துணியை உருவிக் கழுத்தில் சுற்றி, முடிச்சை ஓரத்துக்குத் தள்ளியிருக்கிறார். ஒரு கையால் முடிச்சுப் போட முடியுமா என்று நான் கேட்கவில்லை. அக்கா அப்போதே தன் கழுத்து டேப்பை ஒரு கையால் சுற்றி, பல்லால் கடித்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்தது.

"நான் உன்கிட்ட ஒண்ணு கேட்டேனே" என்றார். "எங்கெல்லாம் போயிருப்பாங்கன்னு. வேலைக்குத்தான்டி போனாங்க. இதைக் கட்டிக்கிட்டு. தினமும்."

அழுதார். நன்றாக, சத்தமாக, என் அம்மாவின் தோளில் சாய்ந்து அழுதார். அழுதுகொண்டே அம்மாவின் காலரைச் சரிசெய்தார்.

பிறகு கடைக்குப் போய், உள்ளே சுருட்டி வைத்திருந்த அம்மா கவுன்களை எல்லாம் எடுத்துவந்து மாமாவின் மடியில் போட்டார். "போவைப் பிரிச்சிடுங்க மாமா."

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும். இடுப்பையும் விட்டுடுங்க. தொளதொளன்னே இருக்கட்டும். பின்னாடி ரெண்டு நாடா வெச்சுடுங்க, அவங்கவங்க இடுப்பை அவங்கவங்களே இழுத்துக் கட்டிக்கட்டும்."

"இதை அப்பவே சொல்லியிருந்தா எனக்கு இந்தத் தலைவலியே இல்லையே" என்று மாமா உற்சாகமாகச் சண்டையை ஆரம்பித்தார். கை அதற்குள் தையல் பிரிக்கத் தொடங்கியிருந்தது.

இப்போது முகப்பில் மூன்று பெண்களும் ஒரே கவுனில் ஆளுக்கொரு சட்டத்தில் நிற்கிறார்கள். கிளிப்பை நான் அழிக்கவில்லை. கண்ணாடி மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டது. அம்மா கவுன் கேட்டு வருகிறவர்களுக்கு மொட்டைக் காலரோடுதான் கொடுக்கிறார். "கழுத்துல கட்ட உங்க வீட்டுல உங்களோடது என்ன இருக்கு? அதைக் கொண்டுவாங்க, அப்புறம்தான் கண்ணாடி" என்கிறார். வங்கிப் பெண் தன் அப்பாவின் கைக்குட்டையைக் கொண்டுவந்தார்.

பச்சைக் கட்டப் பாவாடை எனக்குக் கிடைத்துவிட்டது. எங்கே போவாய் என்று கேட்டபோது, "அந்தக் கவுன் போட்டு எடுத்த வேற படங்களைத் தேடி, வீடு வீடா" என்றேன். ஊக்கை எடுத்துவிட்டார். அதைப் போட்டுக்கொண்டுதான் இப்போது சுற்றுகிறேன். இதை எழுதியதும் அதற்காகத்தான்.

போன புதன்கிழமை காலையில் அக்கா கடைக்கு வந்தபோது கழுத்தில் அளவு டேப் இல்லை. கட்டம்போட்ட ஒரு துணி இருந்தது, முடிச்சு ஓரத்துக்குத் தள்ளி. "என்ன, ஹேங்கருக்குப் புதுத்துணியா?" என்றார் மாமா. அக்கா காதில் விழாததுபோல அவருடைய காலரை நிமிர்த்திவிட்டு, முகப்பில் ஏறி, மூன்று படங்களுக்குப் பக்கத்தில் நான்காவதாக ஓர் ஆணி அடித்தார். அதில் மாட்ட இன்னும் ஒன்றும் இல்லை. ஆனாலும் மற்ற படங்களைத் துடைக்கும்போது அந்த வெற்று ஆணியையும் துடைக்கிறார்.

புள்ளி போட்ட கவுன், வெள்ளை வட்டக் காலர், பக்கத்தில் பூச்சாடி. உங்கள் அம்மாவோ அத்தையோ பக்கத்து வீட்டு அக்காவோ அப்படி ஒரு படத்தில் நின்றிருக்கலாம். இதைப் படித்து முடித்ததும், பரணில் பழைய ஆல்பம் வைத்திருக்கும் யாராவது ஒருவரிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவரையும் இன்னொருவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.